காலிப் பெட்டியின் விலை: கரோல் பாக்கிலிருந்து ஒரு குறிப்பு

சென்ற மாதம் கரோல் பாக்கின் மேற்கு விரிவாக்கப் பகுதியில் நான் குடியிருந்த மாடியறையைக் காலிசெய்ய நேர்ந்தது. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கானது. தில்லியில் ஆய்வு மாணவர்களின் ஆண்டு பதினொரு மாதங்களால் ஆனது. சாமான்களில் முக்கால் பங்கு நூல்களும் ஒளிநகல்களும். அவற்றைக் கட்ட நாற்பது அட்டைப் பெட்டிகளாவது வேண்டும். பேக்கர்ஸ் மூவர்ஸ் நிறுவனம் ஒன்று புதுப் பெட்டிக்குச் சொன்ன விலை, உள்ளே வைக்கவிருந்த சில நூல்களின் விலையைவிடக் கூடுதல். அஜ்மல் கான் சாலைக் கடைகளில் பழைய பெட்டி கேட்டு அலைந்தபோது எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கபாடிக்காரர் எடுத்துப்போய்விட்டார். முடிவில் கபாடிக்காரரிடமே கிலோ கணக்கில் வாங்கினேன்.

கீழ்வீட்டில் நெடுங்காலமாக வசிக்கும் தமிழ் மாமி இதைக் கேட்டுச் சிரித்தார். “எங்க நாள்லே டீப்பெட்டிதான். நாலு வீடு மாத்தினோம், அதே பெட்டிதான்” என்றார். அந்தப் பெட்டி அவர் சமையலறையில் இன்றும் அரிசி மூட்டையைத் தாங்கி நிற்கிறது. அதன் பக்கவாட்டில் பாதி அழிந்த எழுத்துகளைக் கண்டபோதுதான் இக்குறிப்பை எழுதத் தோன்றியது.

எளிய குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்த பெட்டி எதுவும் வீடு மாறுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஏதோ ஒரு சரக்கு ஊர்வந்து இறங்கியபின் எஞ்சிய கூடு அது. ஆகவே அதன் விலையையும் இருப்பையும் அச்சரக்கின் வரலாற்றில்தான் தேட வேண்டும். பல வேளைகளில் காட்டின் வரலாற்றிலும்.

காலனியக் காலத்தில் மண்ணெண்ணெய் இரண்டு தகர டின்களாக ஒரு மரப்பெட்டிக்குள் அடைபட்டு வந்தது. டின் தண்ணீர்க் குடமாயிற்று, கூரைத் தகடாயிற்று, பெட்டி அலமாரியாயிற்று. 1864 முதல் சிம்லா கோடைத் தலைநகரம். தில்லி தலைநகரானபின்பும் பல்லாண்டுகள் அரசு அலுவலகங்கள் ஆண்டுக்கு இருமுறை மலையேறி இறங்கின. 1903-இல் கால்கா–சிம்லா இருப்புப்பாதை வந்தபின் கோப்புகளின் பயணம் எளிதாயிற்று. கோப்புகளுக்கு அரசே பெட்டி செய்தது. உடன்சென்ற குமாஸ்தாக் குடும்பங்களின் வெண்கலப் பானையும் உரலும் எதில் ஏறின என்பது பற்றி அரசாவணம் பேசுவது மிகக் குறைவு.

தேயிலைப் பெட்டிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தேயிலை கனத்த பலகைப் பெட்டிகளில், ஈயத்தகடு வேய்ந்து அனுப்பப்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் பால்டிக் கரைநாடுகளிலிருந்து ஒட்டுப்பலகைப் பெட்டி வரத் தொடங்கியது. எடை குறைவு, உறுதி மிகுதி. இரண்டாம் உலகப்போர் அந்த இறக்குமதியைக் குலைக்கவே, இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் விரிவடைந்தது. அசாமின் ஹொல்லாங் மரங்கள் பெட்டிகளாயின. இந்தியத் தரநிர்ணய நிறுவனத்தின் எண்வரிசையில் முதலாவது தேசியக் கொடிக்குரியது. பத்தாவது ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டிக்குரியது. புதிய குடியரசு எதைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டது என்பதற்கு அந்தப் பட்டியலே தனி ஆய்வுக்குரியது.

ஏறத்தாழ ஐம்பது கிலோ தேயிலை கொள்ளும் அப்பெட்டியின் விளிம்புகளில் தகரப்பட்டை அறைந்திருக்கும். கவனமின்றித் தூக்கினால் கையைக் கிழிக்கும். தேயிலையைக் கலந்து பொட்டலமாக்கும் வணிகருக்குக் காலிப் பெட்டி இடத்தை அடைக்கும் சுமை. வீடு மாறுவோருக்கு அதுவே வாய்ப்பு. இங்கிலாந்திலும் நெடுங்காலம் இதுவே வீட்டுச் சாமான் ஏற்றும் பெட்டியாக இருந்தது. கரோல் பாக்கின் தமிழ்க் குடும்பங்கள் பல 1960-களிலும் அதன்பின்னும் ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புகளுக்கும் பிற பகுதிகளுக்கும் பெயர்ந்தன. மாமியின் நான்கு வீடுகளும் அந்தப் பாதையில்தான். கடைசியில் அவர் மீண்டும் இங்கேயே வந்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. 1947 செப்டம்பரில் கரோல் பாக்கின் முஸ்லிம் குடும்பங்கள் உயிருக்கு அஞ்சிப் புரானா கிலா, ஹுமாயூன் கல்லறை முகாம்களை நோக்கி ஓடினார்கள். பெட்டி கிடைக்குமா என்ற கேள்விக்கே இடமில்லாத பெயர்ச்சி அது. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகள் ‘வெளியேறியோர் சொத்து’ என்னும் சட்டச் சொல்லுக்குள் அடங்கின. மேற்குப் பஞ்சாபிலிருந்து அதே நிலையில் வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். பெட்டி கட்டிக்கொண்டு போவதற்கு அவகாசம் வேண்டும். அவகாசமே ஒரு சொத்து.

தேயிலைப் பெட்டி மறைந்த கதையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடழிப்பை எதிர்த்து 1995-இல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியேறுவதைத் தடுத்தது. அருணாசலத்தின் சில மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய அசாம் பகுதியிலும் ஒட்டுப்பலகை ஆலைகளை மூடச் செய்தது. பல அடுக்குக் காகிதப் பை ஏற்கெனவே தேயிலை வணிகத்துக்குள் நுழைந்திருந்தது. ஆகவே உத்தரவு மட்டுமே காரணம் என்பது மிகை. மாற்றத்தை அது விரைவுபடுத்தியது என்பதே என் கணிப்பு. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியோர் பெருமளவில் வாழும் தேயிலை ஊர் கூடலூர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதன் இடத்துக்கு வந்தது நெளிவட்டைப் பெட்டி. பொருள்களைக் கட்டுவதற்கான நெளிவட்டைக்கு ஆல்பர்ட் ஜோன்ஸ் 1871-இல் நியூயார்க்கில் காப்புரிமை பெற்றார். ஆனால் அட்டைப் பெட்டிக்கு மரப்பெட்டியைவிடக் கூடுதல் கட்டணம் விதித்த அமெரிக்க இரயில் நிறுவனங்களின் வழக்கம், 1914-இல் பிரிதம் வழக்கின் தீர்ப்புக்குப் பின்னரே தளர்ந்தது. இங்கே இமாச்சல ஆப்பிள் மரப்பெட்டிகளில்தான் நெடுங்காலம் தில்லிக்கு வந்தது. காடு தாங்காது என்ற நிலையில் 1980-களில் அட்டைக்கு மாறத் தொடங்கியது. இன்று ஆசாத்பூர் சந்தையில் இறங்குவது பெரும்பாலும் அட்டைப் பெட்டி.

மரப்பெட்டிக்கும் அட்டைப்பெட்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காலியான டீப்பெட்டிக்குப் பெட்டியாக மட்டுமே மதிப்பு. காலியான அட்டைப்பெட்டியோ கூழுக்குரிய மூலப்பொருள். முசாபர்நகர் போன்ற ஊர்களின் காகித ஆலைகள் அதற்குக் காத்திருக்கின்றன. 2021 தொடக்கத்தில் சீனா கழிவுக் காகித இறக்குமதியை முற்றாக நிறுத்தியபோது இங்கே பழுப்புக் காகித விலை உயர்ந்து, பெட்டி செய்வோர் முறையிட்டதை நினைவுகூரலாம். கடைக்காரர் முன்போல் காலிப் பெட்டியைச் சும்மா தராததில் கருமித்தனம் ஏதுமில்லை. நானும் ஆலையும் ஒரே பெட்டிக்குப் போட்டியிடுகிறோம். நான் வாங்கிய நாற்பதும் புதுவீட்டில் பிரிக்கப்பட்டு, மறுவாரமே அந்தப் பகுதிக் கபாடிக்காரரிடம் போய்விட்டன.

மாமியின் பெட்டியில் தோட்டத்தின் பெயர் போய்விட்டது. சரக்குப் பட்டியல் எண்ணில் இரண்டு இலக்கங்களும், மொத்த எடை, பெட்டி எடை, நிகர எடை என்னும் மூன்று வரிகளும் தெரிகின்றன. தில்லித் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய பெட்டி வைத்திருப்போர், எழுத்துள்ள பக்கத்தை ஒளிப்படமெடுத்து, எந்த ஆண்டு எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு அதைக் கொண்டுசென்றார்கள் என்ற குறிப்போடு உட்பெட்டிக்கு அனுப்பினால் நன்றியுடையவனாவேன். வண்ணம் பூசியிருந்தாலும் பரவாயில்லை, சுரண்ட வேண்டாம்.