கரிய கோளமும் வெள்ளைக் கோளமும்: செய்மதி வெப்ப அளவீட்டின் தொடக்கம்

விண்வெளி யுகத்தின் வரலாறு பெரும்பாலும் வல்லரசுகளின் போட்டி வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1957இல் சோவியத் ஒன்றியத்தின் முதற் செய்மதி, 1961இல் ககாரின், 1969இல் சந்திரன் என அது ஏறிச் செல்லும். இவ்வரிசையில் 1959 ஒக்ரோபர் 13ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர் 7 இடம்பெறுவது அரிது. பூமி பெறும் வெப்பத்துக்கும் அது விண்வெளிக்குத் திருப்பும் வெப்பத்துக்கும் முதன்முதலாக வெளியே நின்று கணக்கெழுதியது அச்செய்மதியே.

கருவியை வகுத்தோர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்னர் சுவோமியும் ரொபேட் பேரன்றுமாவர். சுவோமி 1953இல் சிக்காகோவிலே கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சோள வயலின் வெப்ப வரவுசெலவு. வயலிற் செய்ததையே அவர் பூவுலகு முழுவதற்கும் செய்ய முனைந்தார் எனலாம். 1959 யூலை 16இல் இதே நோக்குடன் ஏவப்பட்ட செய்மதி சில விநாடிகளில் உந்துகணையுடன் அழிந்தது. பின்னர் வெற்றி பெற்ற யூனோ 2 உந்துகணையோ ஜூபிற்றர் என்னும் ஏவுகணையின் வழிவந்தது. அமைதிக்கான ஆய்வு போர்க்கருவியின் முதுகிலேறியே விண்ணை அடைந்தது என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

வெப்பத்தை நேரே அளத்தல் இயலாது, அளக்கக்கூடியது வெப்பநிலையே. ஆதலின் செய்மதியின் விளிம்பிலே கண்ணாடித் தளங்களின்மீது சிறு அரைக்கோளங்கள் பொருத்தப்பட்டன. கண்ணாடியிலே தோன்றும் பிம்பத்துடன் சேர்ந்து ஒவ்வொன்றும் வெளியிலே தனித்து மிதக்கும் முழுக்கோளம்போல் நடந்துகொண்டது. ஒரு பரப்பு வெளிவிடும் வெப்பம் அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு விகிதசமமானதென யோசெப் ஸ்ரெபான் 1879இலே காட்டியிருந்தார். வெளிவிட்ட வெப்பம், கோளத்தைச் சூடாக்குவதிற் செலவான வெப்பம், தாங்கியினூடாகக் கசிந்த வெப்பம் ஆகிய மூன்றையுங் கூட்டினால் உறிஞ்சிய வெப்பம் கிடைக்கும். ஆயின் அது ஞாயிற்றொளியா, பூமியின் வெப்பக்கதிரா? கரிய பரப்பு இரண்டையும் உறிஞ்சும். வெள்ளைத் தீந்தை ஒளியைப் பெரிதுந் தெறித்துவிடும். வெப்பக்கதிரையோ கரியதைப்போலவே ஏற்கும். இரு தெரியாக்கணியங்கள், இரு கோளங்கள். பூமியின் நிழலுள் நுழைந்தபின் ஞாயிறு கணக்கிலிருந்து நீங்கிவிட, வேலை இன்னும் எளிதாயிற்று.

நான்காம் அடுக்கு என்பது எளிதில் மன்னிக்கும் விதியன்று. 300 கெல்வினில் 3 பாகை தவறினால், வெப்பத்திலே ஏறத்தாழ 4 வீதம் தவறிவிடும். புறவூதாக் கதிர் பட்டு வெள்ளைத் தீந்தை மங்கும்போது, கணிப்பின் அடிப்படையே மெல்ல நகர்ந்துவிடுகின்றது. இத்தகைய குறைகளுடனேயே, முகில் செறிந்த தாழமுக்கப் பகுதிகளிலிருந்து குறைந்த வெப்பமும் தெளிந்த வானப் பகுதிகளிலிருந்து மிகுந்த வெப்பமும் வெளியேறுவதை அக்கருவி காட்டிற்று. தொடர்ந்து வந்த செய்மதிகளின் தரவுகளைத் தொம் வொண்டர் ஹாரும் சுவோமியும் ஆராய்ந்தபோது, பூமி தெறிக்கும் ஞாயிற்றொளி முன்னர் கருதப்பட்ட 35 வீதமன்று, 30 வீதத்தை ஒட்டியதே எனத் தெரிந்தது. நாம் வாழும் கோள் எண்ணியதிலும் கரியது. எனவே கூடுதல் வெப்பத்தை ஏற்பது.

இன்று பூமி திருப்புவதிலும் மிகுதியாக ஏற்கும் வெப்பம் சதுர மீற்றருக்கு ஒரு உவாற்று அளவினது. வரவும் செலவும் தனித்தனியே 240 உவாற்றளவினதாகையால், அச்சிறு வேறுபாட்டின் அறுதிப் பெறுமானத்தைச் செய்மதி தனித்து உறுதிசெய்ய இயலாது. அதன் கணக்கைச் சமுத்திரங்களில் மிதக்கும் ஆர்கோ மிதவைகளின் வெப்பநிலை அளவீடுகளைக் கொண்டே திருத்துகின்றனர்.