சம்பளம் யாருக்கு?

சேர்வராயன் மலை ஏறிச் செல்வோர் கண்ணில் முதலில் படுவன காப்பித் தோட்டங்களும் கன்னியர் மடங்களுமே. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894இல் ஏற்காட்டில் திருஇருதயப் பள்ளியை நிறுவினர்; கபிரியேல் சபைச் சகோதரர் 1917இல் மான்ட்போர்ட் பள்ளியைத் தொடங்கினர். அதே 1917இல் கிராக்கோவ் நகரில், தையல் தொழில் செய்துவந்த சாரா ஷெனிரர் என்னும் யூதப் பெண்மணி சிறுமியர்க்கு மறைக்கல்வி புகட்ட ஒரு பள்ளியைத் திறந்தார். அதிலிருந்து கிளைத்த ஆசிரியைப் பயிற்சி இல்லம் 1931இல் சொந்தக் கட்டடம் கண்டது.

அங்குப் பயின்ற பெண்ணுக்குச் சம்பளம் அவளுடையதே. அதைக் கொண்டு குடும்பம் நடத்துவாள். இன்று இஸ்ரயேலில் அத்தகைய இல்லங்களில் தேறுவோர் மிகுதி, வகுப்பறைகளோ குறைவு. ஆகவே அவ்வில்லங்கள் பல கணினியும் கணக்கியலும் கற்பிக்கின்றன.

நம் கன்னியரின் நிலை வேறு. அரசு உதவிபெறும் பள்ளியில் அவர் சம்பளப் பட்டியலில் கையொப்பமிடுவார். பணம் சபைக்குச் செல்லும். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவருக்குத் தனி உடைமை ஏது? பயிற்சி முதல் முதுமை வரை சபையே அவரைப் பேணும். இதனை மதித்தே, மறைப்பணியாளர் தம் சபைக்கு ஒப்படைக்கும் ஊதியத்திற்கு வரியில்லை என 1944இல் ஆங்கில அரசின் வருவாய் வாரியம் சுற்றறிக்கை விடுத்தது; 1977இல் இந்திய அரசும் அதை உறுதி செய்தது. பின்னர் வருமான வரித்துறை மாற்றுக் கருத்துக் கொண்டது. 2019இல் சென்னை உயர்நீதிமன்ற அமர்வும், 2024 நவம்பர் 7இல் உச்ச நீதிமன்றமும், சம்பளம் தனி மனிதருக்கே உரியது. அதைச் சபைக்கு ஈவது அவர் விருப்பம் எனக் கருதி, வரிப்பிடித்தம் செல்லும் என்றன.

செய்தி கேட்டபோது நாம் வருந்தியது உண்மை. ஆயினும் அத்தீர்ப்பை அநீதி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கன்னியருக்கு அருகில் அதே வகுப்பறையில் நிற்கும் பொதுநிலை ஆசிரியையை எண்ணுங்கள். வரி அவருக்கும் உண்டு. ஆனால் முதுமையில் அடைக்கலம் தர மடம் இல்லை. அரசு உதவி பெறாத நம் பள்ளிகளில் பணிபுரிவோருக்கோ அரசு ஓய்வூதியமும் இல்லை. அவர்களின் சம்பளப் பட்டியலைத் தயாரிப்பவர் அரசு அலுவலர் அல்லர். நாமே.