சிவ பூஜையில் கரடி

வீட்டுக்குள் ரகசியமாக ஏதோ பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், அழையாத ஒருவர் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு இந்தப் பெயர் கிடைக்கும்: 'சிவ பூஜையில் கரடி'. ஆள் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை; இடமும் நேரமும்தான் பொருந்தவில்லை.

இந்தக் கரடி விலங்கே அல்ல, கோயிலில் முழங்கும் கரடிகை என்ற பறை என்று பலர் விளக்குவதுண்டு. கரடிகை இருந்தது உண்மை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் இக்கருவியைக் குறிப்பிட்டு, கரடி கத்துவது போன்ற ஓசையால் வந்த பெயர் என்றும் சொல்கிறார். ஆக, பறையைத் தேடிப் போனாலும் கடைசியில் விலங்கிடமே வந்து நிற்கிறோம்!

எனக்கு அந்த விளக்கத்தில் ஒரு தடுமாற்றம் உண்டு. பூஜையில் பறை முழங்குவது முறைதானே, அதில் பொருத்தமின்மை எங்கே? 'கரடி புகுந்த மாதிரி' என்றுதான் நாம் சொல்கிறோம், பறை புகாது. கன்னடத்திலும் சிவ பூஜையில் கரடியை விட்டாற்போல என்பார்கள். அங்கே 'கரடி மஜலு' என்ற தோற்கருவி இசையும் இருக்கிறது. ஆனாலும் அவிழ்த்துவிட முடிவது நாலுகால் கரடியைத்தான்.