'உரிய' என்ற ஒரு சொல்: அமெரிக்கச் சாசனமும் நமது 21ஆம் பிரிவும்

சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று கண்மூடிய ஊர் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி. 1908இல் வ.உ. சிதம்பரனாருடன் அரசநிந்தனை வழக்கில் தண்டிக்கப்பட்ட அவர், சிறையிலிருந்து வெளிவந்தபோது தொழுநோயும் உடன் வந்தது. அவரைச் சிறைக்கு அனுப்பியது சட்டமற்ற கொடுங்கோன்மை என்று சொல்லிவிட இயலாது. தண்டனைச் சட்டத்தில் 124ஏ பிரிவு இருந்தது; அமர்வு நீதிமன்றம் விசாரித்தது; மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கவும் செய்தது. அப்படியானால் சட்டமும் நடைமுறையும் இருப்பதே ஒரு மனிதனின் சுதந்திரத்துக்குப் போதிய காவலாகுமா? சுதந்திர இந்தியாவின் சாசனத்தை எழுதியவர்கள் முன் நின்ற வினா இது. அதற்கு அமெரிக்கர்களிடம் ஒரு விடை ஆயத்தமாக இருந்தது.

1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்கச் சாசனம், அதிகாரத்தைச் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை எனப் பிரித்து வைத்ததே தவிர, குடிமக்களின் உரிமைகளைத் தனியே பட்டியலிடவில்லை. பல மாநிலங்கள் இதைக் குறைகூறின. அதன் விளைவாக 1791இல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. அவற்றுள் ஐந்தாவது, 'சட்டத்தின் உரிய நெறிமுறை'யின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கலாகாது என்றது. 1868இல் பதினான்காம் திருத்தம் இதே தடையை மாநிலங்களுக்கும் விதித்தது. சொற்றொடர் அமெரிக்கர்கள் ஆக்கியதன்று. 1354ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் ஒன்றிலேயே அது உண்டு. ஆயினும் 'உரிய' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, சட்டமே நியாயமானதா என்று நீதிபதி கேட்கலாம் என்ற நிலையை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்கள்தாம்.

அந்தக் கேள்வி எப்போதும் ஏழைக்குத் துணை நின்றதில்லை. ரொட்டித் தொழிலாளர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது என்ற நியூயார்க் சட்டத்தை 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே சொற்றொடரைக் கொண்டு செல்லாததாக்கியது. 1947இன் பிற்பகுதியில் நமது அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்றபோது, நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டர் அவரை எச்சரித்தார்: இத்தகைய அதிகாரம் ஜனநாயகத்துக்குப் பொருந்தாது, நீதித்துறைக்கும் சுமை. சபை முன்னரே ஏற்றிருந்த அச்சொற்றொடரை வரைவுக் குழு நீக்கியது. 1946இன் ஜப்பானியச் சாசனத்தைப் பின்பற்றி, 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்ற சொற்களை அங்கே வைத்தது. அந்த ஜப்பானியச் சாசனம் அமெரிக்கப் படைகளின் ஆதிக்கத்தில் எழுதப்பட்டது என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. நிலச் சீர்திருத்தத்தை நீதிமன்றங்கள் முடக்கிவிடக் கூடாது என்ற கவலையும் இம்மாற்றத்துக்குப் பின்னால் இருந்தது. அக்கவலையை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

1948 டிசம்பரில் சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களுள் முஸ்லிம் உறுப்பினர்கள் முன்னின்றனர் என்பதை நம்மவர்களே பெரிதும் அறிந்திருக்கவில்லை. காஜி சையத் கரீமுத்தீன் அமெரிக்கச் சொற்றொடரை மீட்கத் திருத்தம் கொண்டுவந்தார். மதராஸ் மாகாணத்திலிருந்து சென்ற மஹ்பூப் அலி பேக் சாகிப் பகதூரின் வாதம் கூர்மையானது: ஜப்பானிடமிருந்து ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு அரணாக அங்கே நிற்கும் ஏனைய பிரிவுகளை விட்டுவிட்டது ஏன் என்று கேட்டார். கைதானவருக்கு உடனே காரணம் அறிவித்தல், வழக்கறிஞர் துணை, வரம்பற்ற சோதனைக்குத் தடை ஆகியவை அப்பிரிவுகளில் உள்ளன. டாக்டர் அம்பேத்கர் டிசம்பர் 13 அன்று இரு தரப்பிலும் ஆபத்துண்டு என்று கூறி, முடிவைச் சபையிடமே விட்டார். திருத்தங்கள் தோற்றன.

விளைவு விரைவில் தெரிந்தது. மதராஸ் அரசின் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1950 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடலாகாது என்று தடுத்த பிரிவை ஆறு நீதிபதிகளும் ஒருமனதாக வீழ்த்தினர். ஆனால் சட்டமன்றம் இயற்றிய சட்டம் இருந்தால் போதும், அதன் நியாயத்தை ஆராயத் தேவையில்லை என்பது பெரும்பான்மையின் கருத்து. மாறுபட்டு எழுதியவர்களுள் ஒருவர் பீகாரைச் சேர்ந்த நீதிபதி சையத் பஸ்ல் அலி. முன்னறிவிப்பு, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை ஆகிய நான்கும் அந்த 'நடைமுறை' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும் என்றார் அவர். (நீதிபதியின் ஒழுக்கங்களைப் பேசும் 'அதபுல் காழீ' நூல்களைப் பயின்றோருக்கு இது புதிதன்று, இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்பது அவற்றின் தொடக்கப் பாடம்.)

பஸ்ல் அலி 1959இல் காலமானார். 1970இல் வங்கி நாட்டுடைமை வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் வழியை ஏற்றது. 1978இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருந்தாக வேண்டும் என்றது. வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட அமெரிக்கச் சொல் இவ்வாறு நீதிபதிகளின் உரை வழியாக உள்ளே வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமையையும் 21ஆம் பிரிவிலிருந்தே பெற்றது.

ஆனால் தடுப்புக் காவலை அனுமதிக்கும் 22ஆம் பிரிவு அதே சாசனத்தில் நீடிக்கிறது. ஆலோசனைக் குழுவின் கருத்தின்றி ஒருவரை மூன்று மாதம் வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைக்க 1978இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. குண்டர் சட்டம் என்று மக்கள் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, குற்ற விசாரணை இன்றியே ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை காவலில் வைக்கலாம்.