போலீஸ் கார் ரோபோவுக்கு எத்தனை மார்க்?

இந்த வாரம் என் மேஜை மேல ஒரு பொம்மை கார் நிக்குது. கறுப்பு வெள்ளை போலீஸ் கார், அச்சு அசல் நிசான் ஃபேர்லேடி இசட். அமெரிக்காவுல அந்த ஸ்போர்ட்ஸ் காரை டட்சன் 280 இசட்எக்ஸ்னு வித்தாங்க. நம்ம ஊர்ல டட்சன் கோ பார்த்தவங்களுக்கு அந்தப் பேர் பழக்கமா இருக்கும். இந்தக் காரை மடக்கி விரிச்சா ரோபோ ஆயிடும். பேரு ப்ரவுல். 1984-ல வந்த முதல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள்ல ஒண்ணு. என்கிட்ட இருக்கறது அதோட மறுவெளியீடு.

இது என்னோடது இல்ல, நண்பனோடது. அவன் பொண்ணுக்கு ஏழு வயசு. அவ இதைக் கேக்கறா. இவனுக்குக் கொடுக்க மனசு வரல. "நீதான் பழைய பொம்மை எல்லாம் படிக்கிறியே, இது எவ்வளவு தேறும்னு மார்க் போட்டுச் சொல்லு. அலமாரியில வைக்கிறதா, அவகிட்ட கொடுக்கிறதான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்"னு கொண்டுவந்து வச்சுட்டுப் போயிட்டான்.

சரி, மார்க் போடலாம்னு உட்கார்ந்தேன். காரா பார்த்தா பிரமாதம். ரப்பர் டயர், கையில எடுத்தா நல்ல கனம், வளைவு எல்லாம் நிஜக் கார் மாதிரியே. மாத்தறதும் அழகு. பானெட் அப்படியே நெஞ்சு ஆகுது, ரெண்டு கதவும் முதுகுல சிறகு மாதிரி விரியுது. ஆனா ரோபோவா பார்த்தா சுமார்தான். கையைக் கொஞ்சம் ஆட்டலாம், ஓடற மாதிரியோ உட்கார்ற மாதிரியோ நிறுத்த முடியாது. தோள்ல மாட்டற ஏவுகணையும் பாயாது. அமெரிக்காவுல குழந்தைகள் பாதுகாப்புக்காக ஸ்பிரிங்கோட வலுவைக் குறைச்சுட்டாங்க.

இதோட முடிச்சிருப்பேன். ஆனா கார் கதவைத் திறந்தப்ப உள்ள ஒரு சீட் தெரிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, இந்தக் காரே ஒரு உயிருள்ள ரோபோ. தானே ஓடும், தானே பேசும். அப்புறம் அதுக்கு எதுக்கு டிரைவர் சீட்?

அந்த சீட்டுக்குப் பதில் ஜப்பான்ல இருக்கு. டோக்கியோவுல 1955-ல தொடங்கின டக்கரான்னு ஒரு பொம்மைக் கம்பெனி. அமெரிக்க ஹாஸ்ப்ரோவோட ஜி.ஐ. ஜோ பொம்மைக்கு உரிமம் வாங்கி ஜப்பான்ல வித்தாங்க. அதே உடம்பை வச்சு, உள்ளே இருக்கிற இயந்திரம் தெரியற கண்ணாடி உடம்போட 1972-ல ஹென்ஷின் சைபார்க்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. அடுத்த வருஷம் எண்ணெய் நெருக்கடி, பிளாஸ்டிக் விலை ஏறிடுச்சு. உடனே பொம்மையைச் சின்னதாக்கினாங்க. 1974-ல வந்த மைக்ரோமேன் பத்து சென்டிமீட்டர்தான். மனுஷன் சின்னவனா ஆனதும் அவனுக்கு வண்டி, தளம்னு செஞ்சு விக்கறது சுலபமாச்சு.

1980-ல டயாக்ளோன்னு அடுத்த வரிசை. இதுல மனுஷன் இன்னும் சுருங்கி மூணு சென்டிமீட்டர் ஆயிட்டான். பாதத்துல குட்டி காந்தம். அவன் உள்ளே ஏறி ஓட்டறதுக்குத்தான் பெரிய ரோபோ. 1982-ல அந்த ரோபோக்கள் நிஜக் கார்களா மாற ஆரம்பிச்சது: ஃபேர்லேடி இசட், லம்போர்கினி கவுன்டாஷ், லான்சியா ஸ்ட்ராட்டோஸ்.

அந்தக் கார்கள் சும்மா வரல. 1970-கள் பாதியில ஜப்பான் பசங்களுக்கு சூப்பர் கார் பைத்தியம் பிடிச்சிருந்தது. 1975-ல ஷோனென் ஜம்ப் வார இதழ்ல வந்த ஒரு கார் பந்தய மாங்காதான் தூண்டுதல். பென்சில் அழிக்கற ரப்பரையே கார் வடிவத்துல வித்தாங்க. பால்பாயிண்ட் பேனாவோட ஸ்பிரிங்கால அதை உந்தி மேஜை மேல ரேஸ் விட்டாங்க. அந்தத் தலைமுறைக்கு 'ஓட்டறது நான்'ங்கறதுதான் கனவு. அதனால டயாக்ளோன் காருக்கு சீட் முக்கியம். ஜப்பான்ல இதுக்கு மார்க் போட்ட குழந்தை, "என் ஆள் உள்ளே சரியா உட்கார்றானா?"ன்னுதான் முதல்ல பார்த்திருக்கும்.

1983-ல ஹாஸ்ப்ரோ ஆட்கள் டோக்கியோ பொம்மைக் கண்காட்சியில இதையெல்லாம் பார்த்து உரிமம் வாங்கினாங்க. அச்சு அதேதான், ஆனா குட்டி மனுஷனை எடுத்துட்டாங்க. கதைக்கு மார்வெல் காமிக்ஸ் கிட்ட போனாங்க. ஜிம் ஷூட்டர் அடிப்படைக் கதையைப் போட்டார், டென்னி ஓ'நீல் 'ஆப்டிமஸ் பிரைம்'னு தலைவனுக்குப் பேர் வச்சார். மத்த பேர்களையும் ஒவ்வொருத்தரோட குணத்தையும் எழுதினவர் பாப் புடியான்ஸ்கி.

அவர் பண்ணதைப் பாருங்க. இந்த ஃபேர்லேடி அச்சுலேயே மூணு பொம்மை வந்தது. ப்ரவுல் போலீஸ், எதையும் தர்க்கமா யோசிப்பான். புளூஸ்ட்ரீக் ஓயாம பேசுவான். எதிரிகள் அழிச்ச தன் ஊரை அவனால மறக்க முடியாது, சண்டையே பிடிக்காது. 1985-ல வந்த ஸ்மோக்ஸ்கிரீன் எதிரியைத் திசைதிருப்பி ஏமாத்தறவன். மூணும் கிட்டத்தட்ட ஒரே பிளாஸ்டிக்தான், பெயின்ட், ஸ்டிக்கர் மாதிரி சின்ன விஷயங்கள்தான் வேற. ஆனா பெட்டிப் பின்னால ஒவ்வொருத்தனுக்கும் தனி மார்க் ஷீட் உண்டு. வலிமை, அறிவு, வேகம், தைரியம்னு எட்டு அம்சம், ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு எத்தனைன்னு ஒரு வரைபடம். வெறும் கண்ணால பார்த்தா புரியாது. கூட வர்ற சிவப்பு பிளாஸ்டிக் துண்டு வழியா பார்த்தாத்தான் கோடு தெரியும்.

அதாவது, அமெரிக்கக் குழந்தை காருக்கு மார்க் போடல, ஒரு ஆளுக்குப் போட்டது. சீட் காலியாச்சு, ஏன்னா கார்தான் இப்ப ஆள்.

இதுக்கு டிவியும் துணை. 1969-ல ஹாட் வீல்ஸ் கார்களை வச்சு ஒரு கார்ட்டூன் வந்தப்ப, இது நிகழ்ச்சியா விளம்பரமான்னு புகார் கிளம்பி, அரசு அமைப்பு தலையிட்டது. ரீகன் காலத்துல அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துச்சு. 1984 செப்டம்பர்ல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் தொடங்கினப்ப தடுக்க யாரும் இல்ல. வேலை என்னவோ பொம்மை விக்கறதுதான். ஆனா குழந்தைகள் அந்த ஆட்களை நிஜமா நேசிச்சாங்க.

அந்த நேசத்தோட விலை 1986 ஆகஸ்ட்ல தெரிஞ்சுது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சினிமா வந்தது. கம்பெனி கணக்குல பழைய பொம்மைகள் போன வருஷத்துச் சரக்கு, புதுசுக்கு இடம் வேணும். அதனால படத்துல பழைய ஆட்களைக் கொன்னாங்க. இதோ என் மேஜை மேல இருக்கற ப்ரவுல், படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல சுடப்பட்டு சாகறான். அப்புறம் ஆப்டிமஸ் பிரைமும். தியேட்டர்ல பசங்க அழுதாங்க. எதிர்ப்பு எவ்வளவுன்னா, அதே ஹாஸ்ப்ரோவோட ஜி.ஐ. ஜோ படத்துல சாக வேண்டிய டியூக்கை கோமாவுல படுக்கவச்சுக் காப்பாத்தினாங்க. 1987-ல ஆப்டிமஸ் பிரைமும் திரும்பி வந்தார். ப்ரவுலுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கல.

பொம்மையை 'ஆள்'னு நம்பச் சொன்னது அவங்கதான். நம்பின பிறகு அதை 'சரக்கு'ன்னு எண்ணினதும் அவங்கதான். எனக்கு இந்த வரலாற்றுல உறுத்தறது இதுதான்.

அந்தக் குழந்தைகள் வளர்ந்தாங்க, சம்பாதிச்சாங்க. 2003-ல மாஸ்டர்பீஸ்னு பெரியவங்களுக்கான வரிசை வந்தது. கார்ட்டூன்ல பார்த்த உருவம் அப்படியே, முட்டி மடங்கும், விரல்கூட அசையும். விலையும் அதுக்கேத்த மாதிரி. இப்ப மார்க் போடற முறை மறுபடி மாறிடுச்சு: ஞாபகத்துல இருக்கறதுக்கு எவ்வளவு கிட்ட வருது? அந்த அளவுகோல்ல என் மேஜை மேல இருக்கற பழைய அச்சு தோத்துரும்.

ஆனா அது அநியாயமான பரீட்சை. இந்த அச்சைச் செதுக்கினவங்க யாரும் 'ப்ரவுல்'னு ஒருத்தனைக் கேள்விப்பட்டதே இல்ல. அவங்க செஞ்சது மூணு சென்டிமீட்டர் மனுஷன் ஓட்டற ஒரு வண்டி.

அதனால நான் நண்பனுக்கு எழுதின மார்க் இது. காருக்கு பத்துக்கு 9. மாத்தற அழகுக்கு 8. ரோபோவுக்கு 5. அலமாரியில வைக்கத்தான்னா இதைவிட நல்லா நிக்கற புதுசு நிறைய கிடைக்கும், இது வேண்டாம். விளையாடத்தான்னா தாராளமா கொடு. ஏவுகணைகளை மட்டும் எடுத்து வச்சுக்கோ, தொலைஞ்சுரும். கதவை மெதுவா திறக்கச் சொல்லு.

நேத்து அவன் ஒரு போட்டோ அனுப்பினான். அவ கதவைத் திறந்து, உள்ளே ஒரு சின்ன அரிசிப் பொம்மை மாதிரி ஏதோ உருட்டி உட்காரவச்சிருக்கா. என்னன்னு கேட்டேன். களிமண்ணாம். "டிரைவர் இல்லாம எப்படிப் போகும்?"னு கேட்டிருக்கா.

அடுத்த வாரம் பார்ப்போம்.