திரியும் இல்லை, பம்பும் இல்லை

நம் வயதுக்காரர்களுக்குப் பம்ப் ஸ்டவ்வைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் சூடேறியதும் பம்ப் அடித்தால் 'புஸ்' என்று நீலமாக எரியும். அடைத்துக்கொண்டால் பின் போட வேண்டும். ஸ்வீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892-ல் தொடங்கிவைத்த பிரைமஸ் அடுப்பின் வழிவந்தது அது. 1953-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட குழுவும் பிரைமஸ்ஸைத்தான் கொண்டுபோனது.

மண்ணெண்ணெய் சுலபத்தில் ஆவியாகாது. அதனால்தான் அத்தனை பாடு. ஸ்பிரிட் அப்படியல்ல. எத்தில் ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தன் சூட்டிலேயே ஆவியாகி, தானே எரியும். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி, இரட்டைச் சுவர் வைத்த ஒரு சிறு பர்னருக்கு நியூயார்க்கில் ஹைன்ரிக்ஸ் என்ற செம்பு வேலைக்காரர் 1904-ல் காப்புரிமை பெற்றார். 1925-ல் ஸ்வீடனில் தொடங்கிய டிராங்கியா கம்பெனி இதே வகை பர்னரைப் பித்தளையில் செய்து பேர் வாங்கியது. 1951-ல் காற்றுத் தடுப்பும் பாத்திரமும் சேர்ந்த செட்டாகவே கொண்டுவந்தது.

இதைக் காசு கொடுத்து வாங்காமல் வீட்டிலேயே செய்துகொண்டவர்கள் அமெரிக்காவின் நெடுந்தூர நடைக்காரர்கள். அப்பலாச்சியன் மலைப்பாதை சுமார் 3,500 கிலோமீட்டர். மாதக்கணக்கில் மூட்டையைச் சுமப்பவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. குடித்துவிட்டு எறியும் அலுமினிய குளிர்பான டின் ஒன்று 15 கிராம்கூட இராது. இரண்டு டின்களின் அடிப்பாகத்தை ஓர் அங்குல உயரத்துக்கு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுவார்கள். நடுவில் அதே தகட்டைச் சுருட்டி உள்சுவராக நிறுத்துவார்கள். ஸ்பிரிட் உள்ளே புக, அதன் அடியில் சிறு வெட்டுகள். மேல் விளிம்பைச் சுற்றிக் குண்டூசியால் துளைகள். அவ்வளவுதான் அடுப்பு.

நடுக்குழியில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால், கொஞ்ச நேரத்தில் சுவர் சூடேறி, இடைவெளியில் இருக்கும் ஸ்பிரிட் ஆவியாகித் துளைகள் வழியே வரும். வட்டமாகப் பூப்போல எரியும். சுமார் 30 மில்லி இருந்தால் இரண்டு கப் தண்ணீர் கொதித்துவிடும்.

குறையும் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் மண்ணெண்ணெயைவிட ஸ்பிரிட்டில் சூடு குறைவு. நாள் கூடக்கூட, சுமக்கும் ஸ்பிரிட்டின் கனமும் கூடும். அதைவிடப் பெரிய குறை, அணைக்கக் குமிழ் இல்லாதது. கவிழ்ந்தால் நெருப்பும் கூடவே ஓடும். காட்டுத்தீ பயமுள்ள காலங்களில் அமெரிக்கக் காடுகள் பலவற்றில் இதற்குத் தடை போடுவது அதனால்தான்.

பேரப்பிள்ளைகள் எங்காவது பார்த்துவிட்டு இதைச் செய்யக் கிளம்பினால் தடுக்க வேண்டாம். நல்ல பௌதிகப் பாடம். ஆனால் பக்கத்தில் இருங்கள். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மறுபடி ஊற்றினால் தீ புட்டிக்கே தாவிவிடும். முழுக்க ஆறிய பிறகுதான் அடுத்த ஊற்று. மூடிய அறையிலோ கூடாரத்துக்குள்ளோ பற்றவைக்கவே கூடாது. இந்தச் சின்னச் சாமானுக்கு வால்வு இல்லை. பக்கத்தில் நிற்கும் பெரியவர்தான் வால்வு.