பழகுதலும் பழக்குதலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, கோப்பாய்க்கு அயலில் அமைந்த உரும்பிராய், செம்மண்ணுக்கும் தோட்டப் பயிருக்கும் பெயர்பெற்ற ஊராகும். உழவு இயந்திரம் வருமுன் அம்மண்ணைக் கீறியவை எருதுகளே. கன்று வளர்ந்து நாம்பனானதும், மூக்குக் குத்தி நாணயக்கயிறு பூட்டுவர். பின்னர் வேலையறிந்த எருதொன்றோடு இணைத்து நுகத்தில் நடத்துவர். பல நாள் பொறுமையோடு நடைபெறும் இத்தொழிலுக்கு உழவர் வழங்கிய பெயர் 'பழக்குதல்' என்பது.

இச்சொல்லின் அமைப்பு ஆராய்தற்குரியது. பெருகு என்பது பெருக்கு என்றும், உருகு என்பது உருக்கு என்றும் ஆவதுபோல, பழகு என்னும் தன்வினை பழக்கு என்னும் பிறவினையாயிற்று. பழமை என்னும் சொல்லோடும் இதற்கு உறவுண்டு. எனவே, புதியதொன்றைப் பழையதாக்குதலே பழக்குதல் எனலாம். 'அடக்குதல்' என்னும்போது வலிமை முன்னிற்கின்றது. 'வசக்குதல்' என்னும்போது வயப்படுத்தும் நோக்கம் முன்னிற்கின்றது. பழக்குதலிலோ காலமே முன்னிற்கின்றது. அன்றியும், மாட்டைப் பழக்குபவன் தானும் அதனோடு பழகியே ஆதல் வேண்டும்.

விலங்கைப் பழக்கும் கலை தமிழரிடையே தொன்மையானது. பாசறையிலே யானைப்பாகர் கவைமுட்கோல் கொண்டு, வடமொழிச் சொற்களைக் கூறி யானையைப் பயிற்றும் காட்சி முல்லைப்பாட்டில் வருகின்றது. கோல் மட்டும் போதாது, சொல்லும் வேண்டும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

ஈழத்திலும் இதற்குச் சான்றுண்டு. ஆனையிறவு, ஆனைக்கோட்டை என்னும் ஊர்ப்பெயர்களை நேயர்கள் அறிவர். ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், வன்னிச் சிற்றரசர் அவர்களுக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தினர். வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. புதிதாகப் பிடித்த யானையைப் பழகிய யானைகளின் நடுவே நிறுத்திப் பயிற்றுவது இலங்கையில் வழங்கிய முறை. உரும்பிராய் உழவன் நாம்பனை எருதோடு பிணைத்ததும் இம்முறையே.

ஆயினும், யானைக்கும் மாட்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. திமிலுடைய மாட்டினம், ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே, இன்றைய பாகிஸ்தானிலுள்ள மேர்கார் முதலிய இடங்களிலே வளர்ப்பினமாயிற்று. யானையோ இனமாக அவ்வாறு மாறவில்லை. ஒவ்வொரு யானையும் தனித்தனியே பழக்கப்பட்டது. அறிவியலார் இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பிரிப்பர். தமிழ் உழவனோ இரண்டுக்கும் 'பழக்குதல்' என்ற ஒரே சொல்லை வழங்கினான். அது பிழையன்று. பல்லாயிரம் ஆண்டு மனிதரோடு வாழ்ந்த இனத்திற் பிறந்த கன்றும், நுகத்துக்குப் புதியதே. முன்னோர் பழக்கிய பழக்கம் அதற்குப் போதாது. ஒவ்வொரு தலைமுறையிலும் அவ்வேலை புதிதாகத் தொடங்கியே ஆகவேண்டும்.

இன்று ஏர் மாடுகள் அருகிவிட்டன. நாம்பனைப் பழக்கும் கையும் அருகிவிட்டது. சொல் மட்டும் மனிதரிடத்தே தங்கியிருக்கின்றது. பிள்ளை எழுதிப் பழகுகின்றது. அயலவர் ஒருவரோடொருவர் பழகுகின்றனர். நல்ல பழக்கம், தீய பழக்கம் என்கின்றோம். இவை ஒரு நாளில் அமைவன அல்ல, கட்டளையால் வருவனவும் அல்ல என்னும் உண்மையை, நுகத்தடியிலே நின்று கற்ற அச்சொல் இன்னமும் உணர்த்திக்கொண்டிருக்கின்றது.